பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு

"தொண்ணூத்தொண்ணு ஒண்டிக்கட்டையா, குடும்பஸ்தனா?"

நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்ட அன்று அத்தை என்னிடம் கேட்டது இதுதான். மற்றவர்களெல்லாம் வேறு மாதிரி கேட்டார்கள். ஏன் நின்றாய், யார் என்ன சொன்னார்கள், இனி என்ன செய்வதாக உத்தேசம். அம்மா அதையே விதவிதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பெட்ரோல் பங்க்கிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமலேயே கேட்டார். விடை தெரிந்திருந்தும் எழுந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டுவிடும் என்பதையும், கரும்பலகைக்கு முன் நான் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் வரும் அமைதி சிரிப்பைவிட மோசமாக இருக்கும் என்பதையும் எந்த வாக்கியத்தில் வைத்துச் சொல்வது? அத்தை ஷிஃப்ட் முடிந்து வந்தாள். முகம் கழுவினாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு விளக்கினாள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு யாராலும் மிச்சமில்லாமல் வகுக்க முடியாத எண் ஒண்டிக்கட்டை. பள்ளிக்கூடத்தில் அதைப் பகா எண் என்பார்கள், அது சுத்தமான பெயர், ஆனால் அதில் ஆள் தெரியவில்லை என்றாள். உடைத்தால் உள்ளே ஆட்கள் இருக்கிற எண் குடும்பஸ்தன். நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். இரண்டு இல்லை. மூன்று இல்லை. ஐந்தும் இல்லை.

"ஏழு, பதிமூணு," என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"பாத்தியா," என்றாள் அத்தை. "ரெண்டு பேரை உள்ள வெச்சுக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி மூஞ்சிய எப்படி வெச்சிருக்கு பாரு."

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு ஒரு காரணம் ஒருகாலத்தில் இருந்திருக்கும். காரணம் போன பிறகும் ஆகாதது மட்டும் தங்கிவிட்டது. பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் நாலாம் நம்பர் மெஷின் அவளுடையது. நீளத் தகடு ஒரு பக்கம் உள்ளே போகும், மேலிருந்து அச்சு இறங்கும், மறுபக்கம் மூடி விழும். அச்சு ஒருமுறை இறங்கினால் பக்கத்திலிருக்கும் கவுண்டரில் எண் ஒன்று கூடும். ஷிஃப்ட் முடியும்போது அந்த எண்ணைப் பார்த்து சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். மற்ற ஆபரேட்டர்கள் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். அத்தை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். சாப்பிடுவதற்கு முன் அந்த எண்ணை உடைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். சிலர் செய்தித்தாளில் கட்டம் நிரப்புகிறார்கள் இல்லையா, அது போல.

கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் அவளுக்குக் காகிதம். அலமாரிக் கதவின் உட்புறத்தில், ஆயிரத்துக்குள் இருக்கிற ஒண்டிக்கட்டைகள் அத்தனையும் அவள் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. இரண்டில் தொடங்கித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில் முடியும் நூற்று அறுபத்தெட்டுப் பேர். அன்றைய எண்ணை அவர்களில் யாராவது வகுத்தால் குடும்பஸ்தன். ஒருவரும் வகுக்காவிட்டால் ஒண்டிக்கட்டை. "ஆயிரம் வரைக்கும் பாத்தா போதும்," என்பாள். ஏன் போதும் என்று நான் கேட்டதில்லை. கேள்வி கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அப்பா ஒருமுறை, போனில் போட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுமே என்றார். வீட்டு விஷயத்தை ஊரில் போய் விசாரிப்பானேன் என்று சொல்லிவிட்டாள்.

நானும் அந்தத் தொழிற்சாலைக்கே போக ஆரம்பித்தேன். நாலாம் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. நெளிந்த மூடி, விளிம்பு கிழிந்த மூடி, வண்ணம் நகர்ந்த மூடி, இவற்றைப் பொறுக்கி ஒதுக்குவது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. மெஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. எனக்கென்றே யாரோ யோசித்துச் செய்த இடம் போலிருந்தது.

அங்கேதான் மெக்கானிக்கைப் பார்த்தேன். எல்லாரும் அவரை கிரீஸ் என்று கூப்பிடுவார்கள். அவர் கை கழுவி யாரும் பார்த்ததில்லை என்பது தொழிற்சாலையின் நிரந்தரமான கேலி. ஐம்பது வயது இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். தாயாருக்கு ரொம்ப வருஷம் உடம்பு முடியாமல் இருந்து, அவரைப் பார்த்துக்கொண்டதில் வயது போய்விட்டதாகச் சொல்வார்கள். அவராகச் சொல்லிக் கேட்டதில்லை. அத்தையிடம் தினம் காலையில் ஒரே கேள்விதான் கேட்பார்.

"நேத்து யாரு வந்தது, ஆபரேட்டரம்மா?"

விருந்தாளியை விசாரிப்பது போல இருக்கும். அத்தையும் அப்படித்தான் சொல்வாள். நேற்று வந்தவர் குடும்பஸ்தன், உள்ளே பதினேழு, பத்தொன்பது என்று நல்ல மனிதர்கள். முந்தாநாள் வந்தவர் வீட்டில் மூன்று மட்டும் நாலு தடவை, நாலும் ஒரே முகம். ஒருநாள் கவுண்டர் ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபதில் நின்றது. அத்தைக்கு அன்று கால் தரையில் இல்லை. அது கல்யாண வீடு, ஒன்றிலிருந்து பதினாறு வரை யார் போய் நின்றாலும் மிச்சமில்லாமல் பங்கு கிடைக்கும் என்றாள். மெக்கானிக் கணக்கில் பெரிய ஆளில்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவர். அப்படியானால் பதினேழுதான் பாவம், வாசலோடு திரும்பியிருப்பார் என்றார். அத்தை மெஷினின் பச்சைப் பொத்தானை அழுத்த மறந்து சிரித்துக்கொண்டு நின்றாள். பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் ஒண்டிக்கட்டை வரும். வந்தால் அத்தை 'ஒண்டிக்கட்டை' என்று மட்டும் சொல்வாள், அவரும் மேலே கேட்கமாட்டார். அது ஒரு மரியாதை போல இருந்தது.

பழைய கவுண்டரில் ஆறு சக்கரங்கள். ஒன்பதுகளாக நிரம்பியதும் எல்லாம் பூஜ்யமாகிவிடும். அப்போது அத்தை, மெஷினுக்கு மறுபிறவி என்பாள். ஒரு மழைக்காலத்தில் அந்தச் சக்கரங்கள் துருப்பிடித்து, எண்ணாமல் தாவத் தொடங்கின. மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டு, சிவப்பு எழுத்தில் எரியும் புதுக் கவுண்டர் ஒன்றைப் பூட்டினார். அதில் ஏழு இலக்கம். "இனிமே இது லேசுல பூஜ்யத்துக்கு வராது," என்றார். பரிசு கொடுத்துவிட்டு அதைப் பரிசு என்று சொல்லத் தெரியாதவர் குரல் அது. அத்தை கொஞ்ச நேரம் அந்த ஏழாவது இடத்தைப் பார்த்தாள். அப்போது அங்கே வெறும் இருட்டுதான் இருந்தது.

வாரங்கள் போயின. ஏழாவது இடத்திலும் ஒன்று எரிய ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை தேநீர் இடைவேளையில், எல்லா மெஷின்களும் நின்றிருந்தபோது, மெக்கானிக் நாலாம் மெஷினுக்கு அருகில் வந்து நின்றார். எண்ணெய் விடுவதற்கு எதுவும் இல்லாமலேயே எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்திருந்தார். என் மேசை மூன்றடி தள்ளி. நான் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் நான் இருந்தாலும் இல்லாத கணக்கு என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் அவரை நிரந்தரமாகக் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் பஸ். சனிக்கிழமையோடு இங்கே கணக்கு முடிகிறது. இதையெல்லாம் தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டு, "க்வார்ட்டர்ஸ் குடுக்கறாங்க. ரெண்டு ரூம். ஒரு ஆளுக்கு அது ஜாஸ்தி," என்றார்.

அத்தை கையில் இருந்த துணியால் மெஷினின் மேல்தட்டைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த இடம். மறுபடியும் துடைத்தாள்.

"இன்னிக்கு ஷிஃப்ட் முடியறப்ப என்ன நம்பர் நிக்குதோ அதைக் கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

"நம்பரையா?"

"ஒண்டிக்கட்டை வந்தா நான் இங்கதான். குடும்பஸ்தன் வந்தா ரூமைப் பத்திப் பேசலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பெரும்பாலும் குடும்பஸ்தன்தானே வருவாரு?"

"பெரும்பாலும்," என்றாள் அத்தை.

நான் ஒரு நல்ல மூடியை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டேன். தெரியாதவர்களுக்கு அது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றலாம். பத்துப் பதினைந்து முறைக்கு ஒருமுறை வருகிற ஒன்றை மறுப்பின் பக்கம் வைத்துவிட்டு, மீதி அத்தனையையும் சம்மதத்தின் பக்கம் வைத்திருந்தாள் அத்தை. போக மனமில்லாதவள் அப்படிப் பந்தயம் வைக்கமாட்டாள். போகிறேன் என்று தன் வாயால் சொல்ல முடியாதவள்தான் வைப்பாள். வாயால் சொல்ல முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஷிஃப்ட் மணி அடித்தது. அத்தை சிவப்புப் பொத்தானை அழுத்தி, அச்சு முழுதாக நிற்கும் வரை கவுண்டரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஏமாற்றக் கூடாது என்று நினைத்திருப்பாள். பிறகு திரும்பினாள். 1022117.

இரட்டை எண்ணில் முடிந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஐந்தில் முடிந்தாலும் அப்படியே. ஏழில் முடிந்திருந்தது. வழியில் நடந்துகொண்டே இலக்கங்களைக் கூட்டினேன். பதினாலு. மூன்று போயிற்று. அத்தையும் கூட்டியிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு அலமாரிக் கதவைத் திறந்துவைத்து அதன் எதிரே உட்கார்ந்தாள். ஏழு இல்லை. பதினொன்று இல்லை. பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது. நான் பக்கத்தில் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நூறைத் தாண்டியபோது அவள் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. முந்நூறுகளில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். அம்மா வந்து, சாப்பாடு ஆறுகிறது என்றாள். ஐந்நூறுகள் முடியட்டும் என்றாள் அத்தை. அம்மாவுக்கு விஷயம் தெரியும். தொழிற்சாலையில் நடப்பது எங்கள் தெருவுக்கு வர நடக்கிற நேரம்கூட ஆகாது. அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"போகணும்னா அண்ணி போகட்டும். வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். அது என்ன ஒரு நம்பரை முன்னாடி நிறுத்தி வெச்சுட்டு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறது?"

நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். அத்தை எண்ணூறுகளில் இருந்தாள். மிச்சங்கள் அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு எண்ணும் கடைசிவரை வந்துவிட்டு, ஏதோ ஒன்றை மிச்சம் வைத்துவிட்டுப் போனது. கடைசியாக அலமாரிக் கதவின் கீழ் மூலையிலிருந்த தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. அதனால் வகுத்தாள். ஈவு ஆயிரத்து இருபத்தைந்து. மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"ஒண்டிக்கட்டை," என்றாள். தாள்களை அடுக்கினாள். ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினாள். எழுந்துபோய் ஆறிய சாப்பாட்டைச் சாப்பிட்டாள். அன்றைக்குத் தட்டைக் கழுவ அவளுக்கு வெகுநேரம் ஆனது.

மறுநாள் மெக்கானிக் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அத்தையே, "ஒண்டிக்கட்டை," என்றாள். அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் பொறுத்து, "நல்லா பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் என்னிக்குத் தப்பா பாத்திருக்கேன்?"

"அதுக்காகக் கேக்கலைங்க," என்று சொல்லிவிட்டு, ஆறாம் மெஷினுக்கு எண்ணெய் விடப் போனார். அவர் வற்புறுத்தியிருக்கலாம் என்று அப்போது எனக்குக் கோபமாக வந்தது. பிறகு யோசித்தால், அவள் எண்களை ஒருநாளும் சந்தேகிக்காமல் கேட்டுக்கொண்டதால்தானே அவள் அவரிடம் பேசினாள். இந்த ஒரு எண்ணை மட்டும் அவர் எப்படிச் சந்தேகிப்பார்?

சனிக்கிழமை மெஷின்கள் ஓடின. அவர் ஸ்பேனர்களைத் துடைத்து எண்ணிக் கொடுத்துவிட்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அத்தையிடம் கடைசியாக வந்தார். தகடு மாட்டும் இடத்தில் ஒரு திருகு அடிக்கடி தளரும், கவனம் என்றார். அத்தை சரி என்றாள். அவ்வளவுதான்.

நான் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. அது அவர்களைப் பற்றியது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உறுத்தியது அந்த ஆயிரத்து இருபத்தைந்து. கடைசி ஈவு. அந்த இடத்தில் அவ்வளவு பெரிய எண் வந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பெரிய எண்களில் யோசிக்க வராது. சின்னதைப் பிடித்துக்கொண்டுதான் யோசிப்பேன். முப்பத்தாறு மூடிகளை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு வரிசையாக வைத்தால் வரிசைக்குப் பதினெட்டு. மூன்று வரிசையானால் பன்னிரண்டு. நாலானால் ஒன்பது. வரிசைகள் கூடக்கூட நீளம் குறைகிறது. ஒருவர் ஏறுகிறார், ஒருவர் இறங்குகிறார். ஆறுக்கு ஆறில் இரண்டு பேரும் ஒரே படியில் சந்தித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒன்பதுக்கு நாலு, பன்னிரண்டுக்கு மூன்று என்று பழைய ஜோடிகளே இடம் மாறி வருகின்றன. சந்திக்கும் வரை பார்த்தால் போதும். அதுதான் "போதும்" என்பதன் அர்த்தம். ஆறு இலக்க எண் எதுவானாலும் அந்தச் சந்திப்பு ஆயிரத்துக்குள் நடந்தே தீரும். ஆறு சக்கரமுள்ள கவுண்டரோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு ஆயிரம் என்பது எல்லை என்றே பதிந்துவிட்டது. அலமாரிக் கதவும் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் இது ஏழு இலக்கம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழுக்கு எதிரே ஆயிரத்து இருபத்தைந்து. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கே சந்திப்பார்கள்? இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கும் ஆயிரத்துப் பதினொன்றை அதனாலேயே பெருக்கினேன், ஒரு மூடிப் பெட்டியின் அட்டையில். 1022121. நம் எண்ணைவிட நாலு அதிகம். அப்படியானால் ஆயிரத்துப் பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்பே சந்தித்துவிடுகிறார்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழுக்கும் அதற்கும் நடுவில் ஒண்டிக்கட்டைகள் யார் யார்? ஆயிரத்து ஒன்றில் ஏழு இருக்கிறது. ஆயிரத்து மூன்றில் பதினேழு. ஆயிரத்து ஏழில் பத்தொன்பது. ஒவ்வொருவராகக் கழிந்த பிறகு ஒரே ஒருவர்தான் நின்றார். ஆயிரத்து ஒன்பது.

நூற்று அறுபத்தெட்டுப் பேரைக் கேட்டுவிட்டு, நூற்று அறுபத்தொன்பதாவது ஆளின் வீட்டுக் கதவை அத்தை தட்டாமல் வந்திருந்தாள்.

வகுத்துப் பார்த்தேன். மிச்சம் வரும் என்றுதான் நினைத்தேன். வர வேண்டும் என்று விரும்பினேனோ என்னவோ. வரவில்லை. ஆயிரத்து ஒன்பதும் ஆயிரத்துப் பதின்மூன்றும். பதின்மூன்றையும் சோதித்தேன், அதுவும் ஒண்டிக்கட்டை. ஆயிரத்துப் பதினொன்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு அடியில் ஒருவர், அந்தப் பக்கம் இரண்டு அடியில் ஒருவர். சதுரத்துக்கு நாலு குறைவாக இருந்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். இருபத்தைந்துக்கு நாலு குறைத்தால் மூன்றும் ஏழும். எண்பத்தொன்றுக்கு நாலு குறைத்தால் ஏழும் பதினொன்றும். சதுரத்தின் மூலையில் நாலைக் கிள்ளி எடுத்துவிட்டு, மீந்த பட்டையைத் திருப்பி ஒட்டினால் ஒரு செவ்வகம் வந்துவிடுகிறது. ஐந்து ஒன்றுதான் இதில் தப்பிக்கிறது, ஒன்பதுக்கு நாலு குறைவாக இருந்தும். அது சின்னதாக இருப்பதால் தப்பிக்கிறது. மற்ற யாரும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அப்படி நின்றுகொண்டு ஒண்டிக்கட்டையாக இருக்க முடியாது.

அட்டையைக் கிழித்து மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அன்று மாலை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், வாய் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது எப்போதும் கையில் இருக்கிற சாக்கு. அத்தையிடம் எனக்கு வாய் வராமல் போனதே கிடையாது. அதுதான் விஷயம். இந்த வீட்டில், இந்தத் தெருவில், அந்த மெஷின் சத்தத்துக்கு நடுவில் நான் பேசுகிற ஒரே ஆள் அவள். அவள் இரண்டு அறைகள் கொண்ட ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்விட்டால், சாயங்காலங்களில் யார் வந்து உட்கார்ந்து எண்ணைச் சொல்வார்கள்? ஒரு எண்ணை நான் சொல்லாமல் விட்டால் அவள் இங்கேயே இருப்பாள். பொய் சொல்லவேண்டியதுகூட இல்லை. எனக்கு ரொம்பப் பழக்கமான ஒன்றைத்தான் செய்ய வேண்டும். சும்மா இருக்க வேண்டும்.

அத்தை அன்றும் உள்ளங்கையில் எண் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் உடைக்க உட்காரவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சீக்கிரமே படுத்துவிட்டாள். அப்பா, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலைவலி என்று சுவரைப் பார்த்துப் பதில் வந்தது.

ஞாயிறு காலை வெயில் நன்றாக ஏறிவிட்டது. அத்தை கொல்லையில் உட்கார்ந்து வேலைக்குப் போடும் ஏப்ரன்களைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி, சோப்பு, பிரஷ். சிமெண்ட் தரை சூட்டில் வெளுத்துக் கிடந்தது. எண்ணெய்க் கறை படிந்த ஒரே இடத்தை அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிமைகள் தடித்திருந்ததைப் பார்த்தேன். ஒரு பொய்யான விடைக்காக ஒருத்தி நிஜமாக அழுதிருக்கிறாள் என்று தோன்றியது. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அத்தை," என்றேன். "ஆயிரத்தி ஒம்போது."

"என்னடி ஆயிரத்தி ஒம்போது?"

"அதையும் பாக்கணும்."

"எதுக்கு? ஆயிரம் வரைக்கும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பிரஷ் கையிலேயே நின்றது. ஏழாவது இடத்தில் எரிந்த அந்த ஒன்று அவள் கண்ணில் வருவதை என்னால் பார்க்க முடிந்தது. அவள் உதடு அசைந்தது. எதையோ எதனாலேயோ பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்துட்டியா?"

தலையை ஆட்டினேன்.

"எத்தனை மிச்சம்னு சொல்லாத," என்றாள்.

அட்டையை நான் நீட்டவில்லை. அத்தை பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். விரலை வாளித் தண்ணீரில் நனைத்து, எதிரே காய்ந்த சிமெண்ட் தரையில் எழுதத் தொடங்கினாள். ஒன்று, பூஜ்யம், இரண்டு, இரண்டு. முழு எண்ணையும் எழுதி முடிப்பதற்குள் முதல் இலக்கம் வெளிறத் தொடங்கியது. மறுபடி விரலை நனைத்தாள். ஆயிரத்து இருபத்திரண்டில் ஆயிரத்து ஒன்பது ஒருமுறை போகும், மிச்சம் பதின்மூன்று. ஒன்றை இறக்கினாள், நூற்று முப்பத்தொன்று, போகாது, ஒரு பூஜ்யம். அடுத்த ஒன்றை இறக்கினாள். ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று, ஒருமுறை, மிச்சம் முந்நூற்று இரண்டு. மேலே இருந்த வரிகளை வெயில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை. மறைந்ததைத் திரும்ப எழுதவும் இல்லை. ஏழை இறக்கினாள். மூவாயிரத்து இருபத்தேழு.

அங்கே நிறுத்தினாள். மூன்று ஒன்பது இருபத்தேழு என்பது அவளுக்குத் தெரியாதா? விரல் தரைக்கு மேலே சொட்டிக்கொண்டு நின்றது. எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ வானொலியைத் திருப்பி, ஒரு நிலையமும் பிடிக்காமல் அணைத்தார்கள்.

"ரெண்டு பேரும் யாரு?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னொண்ணு ஆயிரத்தி பதிமூணு. அதுவும் ஒண்டிக்கட்டைதான்."

அத்தை கடைசி மிச்சத்தை எழுதினாள். பெரிய பூஜ்யம். வழக்கத்தைவிடப் பெரியது. அதன் ஓரத்தை ஒருமுறை கூடுதலாகச் சுற்றி வந்தாள்.

அம்மா சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாள் என்பதை அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது. மணி என்ன ஆகிறது என்று உள்ளே திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள்.

அத்தை எழுந்தாள். முழங்கையில் சோப்பு நுரை இருந்தது, துடைக்கவில்லை. பாதி அலசிய ஏப்ரன் வாளியில் காற்றோடு மிதந்தது. என்னைக் கடக்கும்போது ஈரக் கையை என் தலைமேல் ஒரு கணம் வைத்தாள். பிறகு வீட்டுக்குள் நுழையாமல், பக்கத்துச் சந்து வழியாகவே வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். எங்கள் வாசலிலிருந்து இடது பக்கம் போனால் கடைத்தெரு, வலது பக்கம் போனால் பஸ் ஸ்டாண்ட். இரும்புக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொல்லைச் சுவர் உயரம், எந்தப் பக்கம் திரும்பினாள் என்று தெரியவில்லை. தரையில் மற்ற எண்கள் எல்லாம் காய்ந்துவிட்டிருந்தன. பூஜ்யம் மட்டும், ஓரம் மெலிந்து, இன்னும் ஈரமாக இருந்தது.